குளிசையும் மடிப்பிச்சையும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. கணக்கு இடிக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இடிக்கவில்லை. என் தங்கை கண்ணை மூடியபோது அவள் விட்டுப்போன மூன்றையும் என் ஐந்தோடு சேர்த்துக்கொண்டேன். ஒரே சட்டி, ஒரே அகப்பை. எட்டும் இன்றைக்குப் பல்லோடும் சொல்லோடும் இருக்கின்றன.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட நான் ஒரு பங்குனிக் காலையில் பொன்னம்மா வீட்டு வாசல் படலையில் சீலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு, “மடிப்பிச்சை போடுங்கோ” என்று கேட்டு நின்றேன்.

அதுவும் பொன்னம்மா வீட்டில்!

பொன்னம்மா எங்கள் பக்கத்து வளவுக்காரி. என் வயதுதான். அவள் முருங்கை மரம் வேலியைத் தாண்டி என் முற்றத்துக்குள் ஒரு கொப்பை நீட்டி வைத்திருந்தது. காய் அவளுக்கு, மயிர்க்கொட்டி எனக்கு. நான் பனங்கிழங்கைக் கீறி ஒடியலுக்குக் காயப்போடும் பாயில் அந்தப் புழுக்கள் பொத்துப் பொத்தென்று விழும். கொப்பை வெட்டச் சொன்னேன். தன் புருஷன் நட்ட மரம், கத்தி வைக்க மாட்டேன் என்றாள். அன்றைக்கு எங்களுக்குள் நின்ற பேச்சு பிறகு வருஷக்கணக்காக ஓடவேயில்லை.

சுளகும் கையுமாக வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆரது, இராசம்மாவோ?”

“கண் தெரியாட்டில் கண்ணாடி போடு.”

“பிச்சை கேக்க வந்த வாயைப் பார்!” என்றாள். பிறகு, முறைப்படி கேட்கவேண்டியதைக் கேட்டாள். “என்ன நேர்த்தி?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் விடிந்ததிலிருந்து பயந்துகொண்டிருந்தேன்.

கொடுக்கிற வீடு

மடிப்பிச்சை தெரியாத இளசுகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர், சாவகச்சேரிக்குப் பக்கம். பங்குனித் திங்கட்கிழமைகளில் அம்மன் கோயிலில் பொங்குவார்கள். பெரிய நேர்த்தி வைத்தவர்கள் வீட்டு அரிசியில் பொங்கக்கூடாது, கடையிலும் வாங்கக்கூடாது. வீடு வீடாகப் போய் மடியேந்திக் கேட்டு, அந்த அரிசியில்தான் பொங்கவேண்டும். நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்தாலும் அதுதான் சட்டம். போடுகிறவர்கள் என்ன நேர்த்தி என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் யாரும் மடியேந்தியதில்லை. நாங்கள் போடுகிற வீடு. என் மாமியார் அதற்கென்றே நல்ல அரிசியைத் தனிப் பானையில் வைத்திருப்பார். ஒருமுறை பெரிய இடத்துப் பெண் ஒருத்தி, கழுத்து நிறைய நகையோடு வந்து மடியேந்தினாள். கூச்சத்தில் அழுகை வந்துவிட்டது. மாமியார் அரிசியைப் போட்டுக்கொண்டே, “அழாதை மோனை, அரிசி நனையும்” என்றார். அந்தப் பெண் அழுகையோடு சிரித்தாள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். இந்த நிலை எனக்கு வராது என்ற சிரிப்பு அது.

நான் விழுந்த விதம்

வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது.

சண்டைக் காலம் முழுக்க ஓடினேன். தலையில் பெட்டி, இடுப்பில் பிள்ளை, கையில் தேத்தண்ணிக் கேத்தில். எந்த மரத்துக்குக் கீழ் விட்டாலும் அடுப்பு மூட்டினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நேரமில்லை. பிறகு ஊர் திரும்பி, வீடு கட்டி, எட்டையும் கரைசேர்த்தேன். கடைசிப் பெடியன் லண்டனுக்குப் போனான். வீடு அமைதியானது. இனி இருக்கலாம் என்று இருந்தேன்.

இருந்தேன் என்றால் இருந்தேன்தான், எழும்ப முடியவில்லை.

காலையில் விழிப்பேன், கால் கட்டிலை விட்டு இறங்காது. வெயில் கண்ணைக் குத்தும். சோறு மண் மாதிரி இருக்கும். முற்றம் கூட்டாமல் நான் தேத்தண்ணி குடித்ததில்லை. அந்த நான் முற்றத்தை யன்னலால்கூடப் பார்க்கவில்லை. படலைக்கு வெளியே போவதென்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. இரவில் நித்திரை கிடையாது.

என்னோடு இருப்பவள் மூத்த மகள் மலர். முதலில் நாவூறு என்று நினைத்துச் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது, நான் எழும்பவில்லை. பிறகு அம்மன் கோயில் பூசாரியாரைக் கூட்டிவந்தாள்.

பூசாரியார் என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். பங்குனியில் அம்மன் அவரில் வந்துதான் வாக்குச் சொல்லுவா. தண்ணீர் ஓதித் தெளித்து, திருநீறு போட்டு, பக்கத்தில் இருந்து நான் சொன்னதையெல்லாம் அவசரமில்லாமல் கேட்டார். கையில் நூல் கட்டினார். பிறகு சொன்னார்:

“அக்கா, கட்டியாச்சு. இனி ஆஸ்பத்திரியிலை மனநலக் கிளினிக் இருக்கு. அங்கையும் ஒருக்காக் காட்டவேணும்.”

எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. கட்டிலில் நிமிர்ந்து இருந்தேன். “ஏன், எனக்கென்ன விசரோ?”

“அப்ப எனக்கு விசரோ? நான் அங்கை போறனான்தானே.”

மனைவி செத்த பிறகு தனக்கு நித்திரையில்லாமல் போனதையும், இப்போது டொக்டர் தந்த குளிசையை ஒழுங்காகப் போடுவதையும் ஒளிக்காமல் சொன்னார்.

“அம்மன் வந்து ஆடுற ஆள் குளிசை போடுறதோ தம்பி?”

“அம்மன் ஆடிப்போட்டுப் போயிடுவா அக்கா. மிச்ச நாளெல்லாம் இந்த உடம்போடை இருக்கிறது நான்தானே?”

என்னை வெல்கிற கதை எனக்குப் பிடிக்காது. கோபத்திலேயே கிளினிக்குக்குப் போனேன்.

உப்புக் கூடிய சம்பல்

டொக்டர் ஒரு பொம்பிளைப் பிள்ளை. ஊதினால் பறக்கும் உடம்பு. கையில் இருந்த நூலைக் கண்டதும் ஏசப்போகிறாள் என்று கையைச் சீலைக்குள் இழுத்தேன்.

“நூல் இருக்கட்டும் அம்மா. கட்டினவர் என்னட்டையும் அனுப்பியிருக்கிறார். நான் குளிசை தந்தால் நீங்கள் ஒழுங்காய்ப் போடோணும், அவ்வளவுதான்.”

எல்லாம் கேட்டாள். பிறெஷர் மாதிரி இதுவும் ஒரு வருத்தம், நோய்தான், மாற்றலாம் என்றாள். குளிசை உடனே வேலை செய்யாது, கொஞ்ச நாள் பொறுக்கவேண்டும், இடையில் நிப்பாட்டக்கூடாது என்றாள். பிறகு, ஒவ்வொரு நாளும் படலை வரைக்கும் நடக்கச் சொன்னாள்.

“நான் என்ன ஆடோ, கயிறு எட்டுற தூரத்துக்கு நடக்க?”

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே குளிசை போட்டேன் என்று வையுங்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாய்தான் காய்ந்தது. மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தாள். அப்படியிருக்க ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தவள் தலையை நிமிர்த்தினேன்.

“எடியே மலர், சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு! கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு இடிச்சனி?”

மலர் அகப்பையைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் கண்டதில்லை. உடனே லண்டனுக்குப் போன் போட்டாள். “தம்பி, அம்மா என்னை ஏசிப்போட்டா!” என்று கத்தினாள். அவன் அங்கே கத்தினான். எட்டுப் பேருக்கும் செய்தி போனது.

ருசி வந்தது, நித்திரையும் வந்தது, படலைக்கு வெளியேதான் இன்னும் போக முடியவில்லை. இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் பிள்ளை யோசித்துப்போட்டுக் கேட்டாள்:

“உங்கடை கோயிலிலை வீடு வீடாய்ப் போற நேர்த்தி எதும் இருக்கோ அம்மா?”

“மடிப்பிச்சை இருக்கு. ஆனா எங்கடை வீட்டிலை எடுக்கிறேல்லை. எங்கடை போடுற வீடு.” கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன்.

அவளுடைய கண் மின்னியதை நான் கவனித்திருக்கவேண்டும். பூசாரியாரோடு போனில் கதைத்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் பூசாரியார் என்னிடம் வந்து, டொக்டர் கேட்டதை மறைக்காமல் சொல்லித்தான் கேட்டார். “விருப்பமெண்டால் நேருங்கோ அக்கா, கட்டாயமில்லை. மனம் எழும்பினால் பொங்குறனெண்டு நேரலாம். எழும்பினது பாதி, நடந்து போனால் மீதி. ஆனா நேந்தால் உங்கடை தெரு ஒழுங்கையிலை ஒரு வீடும் விடப்படாது.”

கட்டாயமில்லை என்றால் எனக்குக் கட்டாயம் செய்யவேணும்போல வந்துவிடும். நேர்ந்துவிட்டேன். பிறகுதான் ஒழுங்கையில் பொன்னம்மா இருப்பது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வீடு ஒரு வருத்தம்

அந்தத் திங்கள் காலை மலர் என் கையைப் பிடித்துப் படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். முழங்கால் நடுங்கியது. ஒரு அடி வைத்தேன், பூமி அப்படியே இருந்தது. இன்னொன்று வைத்தேன்.

முதல் வீடு, வாத்தியார் வீட்டு மருமகள். அரிசியைப் போட்டுவிட்டு, “என்ன நேர்த்தி மாமி?” என்றாள்.

மனநலக் கிளினிக் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது, அங்கேயே இருந்துவிட்டது. எட்டை வளர்த்த இராசம்மாவுக்கு விசராம் என்று கிணற்றடியில் கதைப்பார்களே! நடுங்கிய முழங்காலைப் பார்த்தேன்.

“முழங்கால், பிள்ளை.”

அடுத்த வீட்டில் முழங்கால் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டு மனிசி முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சுபவள், பிடித்து இருத்திவிடுவாள். “சீனி வருத்தம்” என்றேன். அதற்கடுத்தது கடைக்காரப் பரமேஸ் வீடு. அவளுக்கே அந்தச் சீனி வருத்தம், எல்லாம் விசாரிப்பாள். “ஈரல்” என்றேன். பிறகு எனக்கே ஒரு உற்சாகம் பிறந்துவிட்டது. எத்தனையோ மாதம் ஒருவரோடும் கதைக்காத வாய் அல்லவா? கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் வீட்டில் இதயத்தில் ஓட்டை என்று சொல்லி, ஓட்டை எந்தப் பக்கம் என்பதையும் கையால் தொட்டுக் காட்டினேன்.

மடி கனத்தது. வெயில் கண்ணைக் குத்தவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் தந்தார்கள், இருக்கச் சொன்னார்கள், பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். கடைசியில் பொன்னம்மாவின் படலையில் நின்றேன்.

“என்ன நேர்த்தி எண்டு கேட்டனான்” என்றாள் பொன்னம்மா மறுபடியும்.

வருத்தங்கள் முடிந்துபோயிருந்தன. தலை குனிந்தேன். மடியில் இருந்த அரிசி வயிற்றுக்கு முன்னால் குடம்போல நின்றது.

“வயித்திலை கட்டி” என்றேன்.

பொன்னம்மாவின் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ச் சுளகு நிறைய அரிசி கொண்டுவந்து போட்டாள். சிந்தினதையும் குனிந்து பொறுக்கிப் போட்டாள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வெட்டின கொப்பு

பொங்கல் அடுத்த திங்கள். அதற்குள் ஒழுங்கைச் சனம் வருத்தங்களை ஒன்றாகக் கூட்டிவிட்டது. முழங்கால், சீனி, ஈரல், இதய ஓட்டை, வயிற்றில் கட்டி. இவ்வளவும் உள்ள மனிசி எத்தனை நாள் தாங்கும்?

வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஹோர்லிக்ஸ் போத்தல்கள் அலுமாரியில் நிரையாக நின்றன. தோடம்பழம் வந்தது, அப்பிள் வந்தது. சீனி என்று கேள்விப்பட்டவர்கள் சீனியில்லாத பிஸ்கட் கொண்டுவந்தார்கள். ஒருத்தி என் கையைத் தடவி, “நல்ல மனிசி, ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் போகவேணும்” என்றாள். நான் அவள் கொண்டுவந்த அப்பிளைத்தான் தின்றுகொண்டிருந்தேன்.

மலர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாள். “எணை அம்மா, உங்களுக்கு எத்தினை வருத்தமெண்டு எனக்கே விளங்கேல்லை. ஆக்களுக்குச் சொல்லுங்கோவன்!”

“சொல்லுவம், சொல்லுவம். உந்த நெல்லி ரசப் போத்தலைத் திற.”

இப்படியிருக்க ஒரு காலையில் வேலிப்பக்கம் கோடரிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பொன்னம்மா ஆள் பிடித்து முருங்கைக் கொப்பை வெட்டுவித்துக்கொண்டு நின்றாள். புருஷன் நட்ட மரம்! என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஒடியலைக் காயவிடு, இனி ஒண்டும் விழாது” என்றாள்.

என் முற்றத்தில் அன்றைக்கு வெயில் முழுதாக விழுந்தது. ஒரு பக்கம் துள்ளவேண்டும்போல இருந்தது, மறுபக்கம் மண்ணுக்குள் புதையவேண்டும்போல இருந்தது.

அன்று பின்னேரம் லண்டனில் இருந்து பெடியன், ஊர்க்கதை காதில் விழுந்து, அழுதபடி போன் எடுத்தான். “அம்மா, ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள்? நான் லீவு போட்டிட்டன்.” வரட்டுமே என்று ஒரு மனம் சொன்னது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சாகிற தாயைப் பார்க்க வருகிறவனும், சுகமாயிருக்கிற தாயைப் பார்க்க வருகிறவனும் ஒரே முகத்தோடு வரமாட்டார்கள் அல்லவா? அவனுக்கு உண்மையைச் சொன்னேன். சிரித்தான், அழுதான். பிறகு, “ஊருக்கு எப்பவம்மா சொல்லப் போறியள்?” என்றான்.

போனை வைத்துவிட்டேன்.

அடிப்பிடித்த பொங்கல்

திங்கட்கிழமை கோயிலில் அவ்வளவு சனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் கடைசிப் பொங்கல் என்று வந்திருந்தார்கள். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, ஒழுங்கை அரிசியைக் களைந்து போட்டேன். வீட்டுக்கு வீடு அரிசி வேறு, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, எல்லாம் ஒரே பானையில் கொதித்தது.

பூசாரியார் திருநீற்றுத் தட்டோடு வந்தார். “அக்கா, என்ன நேர்த்தி எண்டதை அம்மனுக்கு வாய் திறந்து சொல்லுங்கோ.”

அதுவும் வழமைதான். மெல்லமாகச் சொன்னால் போதும், அம்மனுக்குக் காது கேட்கும். நான் வாயைத் திறக்க முன்னமே பின்னால் பொன்னம்மா விம்மத் தொடங்கிவிட்டாள். விம்மல் இழுத்து இழுத்து ஒப்பாரியாக மாறியது.

“வேலிக்கு அங்காலை நீ இருந்தாய், வெளிச்சமாய் நீ இருந்தாய்...”

உயிரோடு நிற்கிற எனக்கு ஒப்பாரி! அதுவும் ராகத்தோடு! இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அம்மனை விட்டுவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினேன்.

“நிப்பாட்டடி பொன்னம்மா! எனக்கு முழங்கால் நல்லாயிருக்கு. சீனி இல்லை. ஈரல் கிடந்த இடத்திலைதான் கிடக்கு. இதயத்திலை ஓட்டை இல்லை. வயித்திலை கட்டியும் இல்லை, காலமை திண்ட இடியப்பம்தான் இருக்கு. எனக்கு மனம் விழுந்துபோச்சு. கட்டிலாலை எழும்ப ஏலாமல் கிடந்தனான். மனநலக் கிளினிக்குக்குப் போறன். குளிசை போடுறன். மனம் எழும்பினால் பொங்குறனெண்டு தாயிட்டை நேந்தனான். எழும்பிட்டுது. அதுதான் நேர்த்தி!”

சொல்லிப்போட்டேன். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கிணற்றடியில் என்ன கதைப்பார்களோ, அதை இப்போதே என் முகத்துக்கு நேரே கதைக்கட்டும் என்று பார்த்தேன்.

முதலில் பொன்னம்மாதான் கதைத்தாள். “எடி பாவி! அப்ப நீ சாகேல்லையோ?”

“இப்போதைக்கு இல்லை.”

“என்ரை முருங்கைக் கொப்பு!”

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பூசாரியார்தான் என்று மலர் சொல்கிறாள். திருநீற்றுத் தட்டு ஆட ஆடச் சிரித்தாராம். பிறகு கோயில் முழுக்கச் சிரித்தது. ஹோர்லிக்ஸ் தந்தவள் போத்தலைத் திருப்பிக் கேட்டாள். நான் இதய ஓட்டையைத் தொட்டுக் காட்டிய முகாமையாளர் மனைவி நிலத்தில் குந்திவிட்டாள். சிரிப்பில் பானையை ஒருவரும் பார்க்கவில்லை. பொங்கல் அடிப்பிடித்து மணந்தது. அந்தக் கருகலைத்தான் எல்லாரும் வாழையிலையில் வாங்கிச் சுரண்டித் தின்றோம்.

தின்னும்போது பொன்னம்மா என் பக்கத்தில் வந்து இருந்தாள். சண்டைக் காலத்தில் காணாமல் போன மகன் ஒருவன் அவளுக்கு இருக்கிறான். இருந்தான் என்று எழுத அவள் விடமாட்டாள்.

“உந்தக் குளிசை போட்டால்,” என்றாள் இலையைப் பார்த்துக்கொண்டு, “நித்திரை வருமோ?”

“எனக்கு வருது. உனக்கு எது சரியெண்டு டொக்டர் பிள்ளைதான் சொல்லவேணும். நீ கதை, அவள் கேப்பாள்.”

“என்ன நாள் கிளினிக்?”

“வெள்ளி.”

“வெள்ளி எனக்கு விரதம்.”

“விரதத்தோடையும் போகலாம். கேட்டிட்டன்.”

“ஓட்டோவிலை ஓரத்திலை இருக்கிறது நான்தான்.”

“இரு, இரு. காத்துப் பிடி.”

இப்போது வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் ஓட்டோவில் போகிறோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதில்தான் சொல்கிறோம். போன கிழமை வாத்தியார் வீட்டு மருமகள் படலையில் நின்று மெல்லமாக, “மாமி, இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமோ?” என்றாள். மடியில் இருத்திக்கொண்டு போவோம் என்றேன்.

இந்தக் கதையைப் பத்திரிகையில் போடவேண்டாம், போட்டாலும் பேரை மாற்றச் சொல்லு என்று உறவில் சிலர் மலரிடம் சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் வாய் திறந்து சொன்னதைக் கடதாசியில் ஏன் முணுமுணுக்கவேண்டும்? பொன்னம்மாவையும் கேட்டேன். “என்ரை பேரைப் போடு, ஆனா அந்த ஒப்பாரியை வெட்டிப்போடு” என்றாள். பேரைப் போட்டிருக்கிறேன்.

எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல இவ்வளவும் எழுதியது மலரின் மகள் ஆரணி.

ஆரணி, பேனையை வைச்சிட்டு அந்த யன்னலைத் திற. பொன்னம்மா முற்றத்திலைதான் நிக்கிறாள். முதலிலை இருந்து வாசி பாப்பம். மனநலக் கிளினிக் எண்டு வாற இடத்திலை குரலைக் குறைக்காதை, உரத்து வாசி.